வயிற்றால் வந்த வழக்கு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதலில் வேடியப்பன்தான் போனான். புளி உலுக்கிக்கொண்டிருந்தவன் பாதி மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஓடைப்பக்கம் விறுவிறுவென்று நடந்தான். மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த சம்பூர்ணம், "மாப்புள வூட்டு மாமனுக்கு இன்னா இவ்ளோ அவசரம்?" என்று கேட்டுச் சிரித்தாள். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் இரண்டு பேர் அதே திசையில் ஓடினார்கள். இருட்டு கட்டும்போது மரத்தின் மேலும் ஆளில்லை, மரத்தடியிலும் ஆளில்லை. உலுக்கிய புளி அப்படியே கிடந்தது.

புதன்கிழமை காலையில் ஈச்சங்கொல்லையில் வயிறு சரியாக இருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மிச்சப்பேர் வாந்தி எடுத்தார்கள், அல்லது வயிற்றால் போனார்கள், கொடுத்துவைத்தவர்களுக்கு இரண்டும்.

இதில் சம்பூர்ணத்துக்கு வந்த கஷ்டம் வேறு. திங்கட்கிழமைதான் அவள் மகள் சின்னக்குழந்தையைப் பாலாமரத்தூர் கோவிந்தனுக்கு உறுதி செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இருபத்திரண்டு பேர் மலைமேல் ஏறி வந்திருந்தார்கள். உறுதி முடிந்த கையோடு அவர்கள் மூன்று நாள் தங்கிப் பெண் வீட்டுக் காட்டில் வேலை செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது அந்த ஊர்களின் வழக்கம். மருமகன் உடம்பு வளைகிறவனா என்று பார்ப்பதற்காக வைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாசி மாதம் புளி உலுக்க ஆள் கிடைக்காத எவனோ ஒரு புத்திசாலி வைத்தது என்று அவள் புருஷன் ராஜாக்கண்ணு சொல்வான். எப்படியோ, அந்த இருபத்திரண்டு பேரும் இப்போது ஊர் திரும்ப முடியாமல் சம்பூர்ணத்தின் களத்திலும் கொட்டகையிலும் சுருண்டு கிடந்தார்கள். அவள் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டே, திங்கட்கிழமை விருந்தில் அவள் ஆக்கிப் போட்ட பன்றிக்கறிச் சோற்றைத்தான் திட்டினார்கள்.

வேடியப்பன் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பேச்சுக்கு அவன்தான் முன்னே நிற்பான். அன்று நிற்க முடியாததால் பாயில் படுத்தபடியே விசாரணையை ஆரம்பித்தான்.

"பன்னிய எப்ப அறுத்தீங்க?"

"திங்கக்கெழம விடியக்காத்தால" என்றாள் சம்பூர்ணம். அவளுக்கும் அடிவயிறு பிசைந்துகொண்டிருந்தது. வெளியே காட்டவில்லை.

"நல்ல பன்னிதானா?"

"நல்ல பன்னி, கெட்ட பன்னின்னு இன்னா கீது? ஓடிக்கினு இருந்திச்சி, புடிச்சோம், அறுத்தோம், ஆக்கினோம். நீங்க எலையில ஒக்காரச்சொல்ல அடுப்புல கொதிச்சிக்கினு இருந்திச்சி. நாலு தபா வாங்கித் துன்னீங்க மாமா, நான்தான் ஊத்தினேன்."

"அதான் எனுக்கு நாலு மடங்கு போவுது" என்றான் வேடியப்பன். அதைச் சொல்லிவிட்டு எழுந்து ஓடினான்.

சம்பூர்ணத்துக்கு அழுகை வந்தது. அவளைச் சாதாரண சமையல்காரி என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றுப்பட்டுப் பதினோரு ஊர்களில் நல்லது கெட்டது எதுவானாலும் ஊர் அண்டாவில் கரண்டி போடுகிறவள் அவள்தான். இருநூறு பேருக்குக் களி கிண்டினாலும் ஒரு கட்டி இருக்காது. கூலி என்று கையில் எதுவும் வாங்க மாட்டாள். பந்தி எழுந்து போகும்போது வயிற்றைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்தால் போதும் அவளுக்கு. அந்தக் கைமேல்தான் இப்போது பழி வந்து விழுந்திருந்தது.

புதன் மத்தியானமே ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரத்திடம் வழக்கு போய்விட்டது. அவரும் படுத்துத்தான் கிடந்தார். வழக்கம் என்னவோ அதைச் சொல்லி அனுப்பினார். ஆக்கிப் போட்ட சோற்றால் ஊருக்கு நோய் வந்தால், ஆக்கினவள் பஞ்சாயத்தில் ஒப்புக்கொண்டு, கடைசியாக ஒருமுறை ஊர் அண்டாவில் சமைத்து, கரண்டியை மாரியம்மன் கோயில் படியில் வைத்துவிட வேண்டும். அப்புறம் எந்தக் காலத்திலும் ஊர்ச்சமையலைத் தொடக் கூடாது. அப்படி வைத்துவிட்டால் குற்றம் கழிந்தது, கல்யாணம் நடக்கலாம். வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் உறுதியை முறித்துக்கொண்டு போகலாம். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து.

"வெச்சிட்டுப் போ" என்றான் ராஜாக்கண்ணு. "வூட்ல எனுக்கு மட்டும் ஆக்கு. எனுக்கு இன்னா, நல்லதுதானே."

"என் சோத்துல குத்தம் இல்லய்யா."

"இல்லன்னு எனுக்குத் தெரியும். என் வயிறு ஒத்துக்க மாட்டேங்குதே."

சின்னக்குழந்தை மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாந்திதான். ஆனால் வாந்திக்கு நடுவில் கோவிந்தனுக்கு எப்படி இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் சம்பூர்ணத்துக்கு வயிற்றைவிட நெஞ்சு அதிகம் வலித்தது.

வியாழக்கிழமை காலை ஜீப் சத்தம் கேட்டது. ஜீப் என்றால் அந்த ஊர் ஆண்களுக்குக் குலை நடுங்கும். நாலைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு ஜீப் வந்து, ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பியது. அன்றிலிருந்து சத்தம் கேட்டதுமே காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அன்றும் ஓடத்தான் பார்த்தார்கள். ஒருவனாலும் பத்தடிக்கு மேல் ஓட முடியவில்லை. ஆளாளுக்கு அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியது ஒரு பொம்பளை டாக்டர். நீலாவதி என்று பெயர், ஆரணிப் பக்கத்துக்காரி. வேலூரிலிருந்து வருகிறாள். மலையூர்களில் வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரோ ஈச்சங்கொல்லைக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் குழந்தைகளைப் பார்த்தாள். கஞ்சித்தண்ணீரில் உப்பும் வெல்லமும் கரைத்து, நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு பெட்டியைத் திறந்து, மூடி போட்ட சின்னச் சின்ன பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தாள்.

"பதினாலு பேரு குடுங்க, ஆளுக்கு ஒரு பாட்டில். கொஞ்சம் போதும். பேர் எழுதி ஒட்டிடறேன்" என்றாள்.

எதற்கு என்று புரிந்ததும் களத்தில் ஆளாளுக்குப் பின்னால் நகர்ந்தார்கள். வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும்கூடப் பிறத்தியார் கையில் சிக்காமல் புதைக்கிற ஜனங்கள். அதை வைத்து வினை செய்துவிடுவார்கள் என்று பயம். இவளோ வயிற்றால் போனதையே கேட்கிறாள், அதுவும் பேரை எழுதி ஒட்டின பாட்டிலில்.

"நான் குடுக்க மாட்டேன்" என்றான் வேடியப்பன். "இத்த வெச்சி இன்னா வேணா பண்ணிடலாம்."

"எங்களுக்கு அதுல இன்னா பண்ணத் தெரியும்ங்க? பாக்கத்தான் தெரியும்" என்றாள் நீலாவதி.

ராஜாக்கண்ணுதான் எழுந்து, "வூட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையா அனுப்பக் கூடாது" என்று சொல்லி, பாட்டில்களை எல்லாம் கூடையோடு வாங்கிக்கொண்டு போனான். அரைமணி நேரத்தில் பதினான்கு பாட்டிலும் நிறைந்து வந்தன. நீலாவதி ஒவ்வொன்றாய்த் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பெரியவரே, இது பதினாலும் ஒரே ஆளோடதா?"

"ஆமாம்மா. அவங்கள்லாம் பயப்படறாங்க. நானே எல்லாருக்கும் சேத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப எல்லாருக்கும் ஒரே நோய்னுதானே வரும்?"

"அதாம்மா வேணும். வேற வேறயா வந்தா ஊருக்குள்ள சண்டதான்."

நீலாவதி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை. ஒரு பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டச் சொன்னாள். சம்பூர்ணத்துக்குப் புருஷனைப் பார்க்க ஆத்திரம் வந்தாலும், பதினான்கு பாட்டிலை நிரப்புகிற அளவுக்கு அவனுக்குப் போயிருக்கிறதே என்று கவலையும் வந்தது. அவள் டாக்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இதுல சோத்துக் குத்தம் தெரியுமாம்மா?"

"சோத்துக் குத்தமா இருக்காதும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்திருக்குன்னா இது வைரஸா இருக்கும்."

"பூச்சியா?"

"பூச்சிய விடச் சின்னது. கண்ணாடி வெச்சிப் பாத்தாலும் தெரியாது. ரூம் மாதிரிப் பெரிய மிஷின் கீது, அதுலதான் தெரியும்."

"அவ்ளோ சின்னதுக்கு இவ்ளோ பெரிய மிஷினா?" என்று வியந்தாள் சம்பூர்ணம். "அது எப்பிடிம்மா வயித்துக்குள்ள போவுது?"

"நோய் வந்தவங்க வயித்துலேந்து அவங்க கைக்கு வரும். கைய நல்லாக் கழுவலைன்னா, அதுலேந்து அடுத்தவங்க வாய்க்குப் போயிடும். தளதளன்னு கொதிச்ச கறியில நிக்காது. அடுப்புல ஏத்தாத பண்டம் ஏதாவது எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

சம்பூர்ணத்துக்கு வாயில் பதில் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு வேறு கேட்டாள்.

"உள்ள போன ஒடனே வாந்தி வருமா?"

"வராது. ஒரு நாள் ஆவும், சில பேருக்கு ரெண்டு நாள்."

டாக்டர், வெளிக்குப் போய் வந்தால் சோப்போ சாம்பலோ போட்டுக் கை கழுவச் சொல்லிவிட்டு, மிஷின் முடிவு வரப் பதினைந்து நாள் ஆகும் என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். சம்பூர்ணம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அடுப்பில் ஏற்றாத பண்டம் ஒன்றே ஒன்றுதான். தேனும் தினைமாவும். உறுதி செய்கிற அன்று, மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் தேன் விட்டு மாவைப் பிசைந்து, இரண்டு வீட்டாருக்கும், கூடியிருக்கிற ஊராருக்கும் ஆளுக்கு ஓர் உருண்டை உள்ளங்கையில் வைப்பாள். இனி நாம் ஒரு கைச் சோறு என்று அர்த்தம். பிசைந்தவள் பாஞ்சாலை. திங்கட்கிழமை மத்தியானம் பிசைந்தாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரே ஓடியது. அது மட்டுமில்லை, அன்றைக்கு விருந்தில் இலையின் முன்னால் உட்காராத ஒரே ஆளும் பாஞ்சாலைதான். விரதம் என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் சம்பூர்ணம் சொம்பை எடுத்துக்கொண்டு, பெண்கள் ஒதுங்குகிற உண்ணிப்புதர்ப் பக்கம் போனாள். உட்கார்ந்த சற்று நேரத்தில் புதருக்கு அந்தப்பக்கம் முனகல் கேட்டது.

"யாரு அந்தாண்ட?"

"நான்தான்" என்றது பாஞ்சாலையின் குரல்.

நேற்றிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"காலையிலேந்து எத்தினி தபா?" என்றாள் சம்பூர்ணம்.

"ஆறு."

"எனுக்கு எட்டு."

"நான் ராத்திரியச் சேக்கல" என்றாள் பாஞ்சாலை. விட்டுக்கொடுக்க மனசில்லை.

திடீரென்று அந்தப்பக்கம் பித்தளைச் சத்தம் கேட்டது. எதுவோ பாறைமேல் உருண்டது.

"சம்மந்தி" என்று குரல் இறங்கி வந்தது.

"இன்னா?"

"சொம்பு கவுந்துடுச்சி."

"அய்யோ பாவம்."

"உன்னுதுல தண்ணி கீதா?"

"கீது. ரெண்டு பேருக்கும் போதும்."

"அப்ப இந்தாண்ட கொஞ்சம் நகத்து."

"நகத்தறேன். ஒன்னே ஒன்னு சொல்லிடு. திங்கக்கெழம ஏன் என் வூட்ல நீ கை நனைக்கல?"

"அதான் வெரதம்னு சொன்னனே."

"வெரதக்காரி மாவு பெசையறப்ப வெரல நக்கினியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? எனுக்கு ஒன்னும் அவசரமில்ல. நான் பாட்டுக்கு ஒக்காந்துக்கினு இருப்பேன்."

அந்தப்பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம். பாஞ்சாலை அந்த நிலையில் எழுந்து போகவும் முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. கடைசியில் சொன்னாள்.

"வெள்ளி, சனி படவேட்டுல என் தங்கச்சி வூட்ல இருந்தேன். அவ பசங்க மூனுத்துக்கும் வாந்தி பேதி. நான்தான் கழுவி உட்டுக்கினு இருந்தேன். திங்கக்கெழம மலை ஏறச்சொல்ல எனுக்குக் கண்ண இருட்டிக்கினு வந்திச்சி. முள்ளு குத்திடுச்சின்னு சொல்லிட்டு, பாறைக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன்."

"வழியில நோவு வந்தா திரும்பிடணும்னு உனுக்குத் தெரியாது?"

"தெரியும். திரும்பினா அந்தப் பொண்ண மறுபடியும் கேக்கக் கூடாதுன்னும் தெரியும். எம் மவன் ரெண்டு வருசமா உன் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். நான் வாந்தி எடுத்ததுக்கு அவன் வாழ்க்கைய வுட்டுடச் சொல்றியா?" பாஞ்சாலை மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அதான் வாய மூடிக்கினு வந்து மாவப் பெசைஞ்சேன். ஊரே இப்பிடிப் படுக்கும்னு எனுக்கு இன்னா தெரியும்?"

சம்பூர்ணத்துக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது. புதரைத் தாண்டி அப்படியே போய் அடிக்க முடியாத நிலைமை. அடுத்த நிமிஷம் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. தன் மகளுக்காக என்றால் தானும் வாயை மூடிக்கொண்டுதானே வந்திருப்பாள். சொம்பைப் புதருக்கடியில் தள்ளினாள்.

"சம்மந்தி, பஞ்சாயத்துல சொல்லிடுவியா?"

"சொன்னா சகுனத் தடைன்னு கல்யாணம் நிக்கும். சொல்லலைன்னா என் கரண்டி போவும். நான் இன்னா செய்யட்டும், நீயே சொல்லு."

புதருக்கு அந்தப்பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பாதிப்பேருக்குத் தேவலையாகியிருந்தது. மீதிப்பேர் எழுந்து போக வசதியாக ஓரமாக உட்கார்ந்தார்கள். ஊர் அண்டாவில் சம்பூர்ணம் விடியலிலேயே களி கிண்டி, மொச்சைக் குழம்பு வைத்து, வாழையிலை போட்டு மூடிக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். கடைசிச் சமையல். தின்ன யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தும் கிளறிய களியில் ஒரு கட்டி விழ விடவில்லை.

வழக்கைச் சொல்ல ஆரம்பித்த வேடியப்பன் நடுவில் ஒருமுறை எழுந்து போய் வந்தான். ஊர்க்கவுண்டரும் ஒருமுறை போய் வந்தார். ராஜாக்கண்ணு, டாக்டர் சொன்ன வைரஸைப் பற்றி எடுத்துச் சொன்னான்.

"கொதிச்ச கறியில அது நிக்காதாம். ஆள்மேல ஆளா வருமாம்."

"அப்ப கொண்டாந்த ஆளு யாரு?" என்றான் வேடியப்பன். "ஆளக் காட்டு, நாங்க சம்பூர்ணத்துமேல இருக்கற பேச்ச வாபஸ் வாங்கிக்கறோம்."

ஊர்க்கவுண்டர் சம்பூர்ணத்தைப் பார்த்தார். "உனுக்கு எதுனா தெரியுமாம்மா?"

கூட்டத்தில் பாஞ்சாலை தலையைக் குனிந்துகொண்டு தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கோவிந்தன் மூன்று நாளில் பாதியாக இளைத்து நின்றான். பெண்கள் பக்கத்தில் சின்னக்குழந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பதினோரு ஊரும் மறுபடி அவள் கையைக் கும்பிடும். சம்பூர்ணம் கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"எனுக்கு ஒன்னும் தெரியாது சாமி. என் கையாலதான் வந்துதுன்னு வெச்சிக்குங்க. எம் பொண்ணு நல்லாருந்தா போதும்."

கரண்டியை முந்தானையால் துடைத்தாள், பேன் பார்த்த தலையைத் தடவுகிற மாதிரி இரண்டு தரம் தடவிவிட்டுக் கோயில் படியைப் பார்த்து நடந்தாள். ராஜாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேடியப்பனுக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது.

"அத்த அங்க வெக்காத" என்றாள் பாஞ்சாலை. எழுந்து வந்து அண்டாவுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "எனுக்குப் பசிக்குது. எலை போடு."

"யக்கா, இன்னா பண்ற?" என்று பதறினான் வேடியப்பன். "குத்தம் சொன்ன வூட்டுக்காரங்க அந்தச் சோத்தத் துன்னா வழக்கே இல்லாமப் பூடும்."

"எனுக்கும் தெரியும்டா. நான் துன்னாத சோத்துக்கு நான் எப்பிடிக் குத்தம் சொல்றது? திங்கக்கெழம நான் வெரதம். அப்பிடியும் எனுக்குத்தான் மொதல்ல போச்சி."

இதைச் சொன்னதும் ஊர்க்கவுண்டர் நிமிர்ந்து பாஞ்சாலையை ஒரு பார்வை பார்த்தார். மனுஷன் அறுபது வருஷம் வழக்குக் கேட்டவர். ஆனால் அவருக்கும் அப்போது இரண்டாவது முறையாக வயிறு கலக்கியது. "துன்னட்டும். துன்னாச்சின்னா வழக்கு முடிஞ்சிது" என்று அவசரமாகச் சொன்னார்.

சம்பூர்ணம் இலையைப் போட்டாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள், சாம்பலும் வைத்தாள். பாஞ்சாலை முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். கழுவும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. களி உருண்டையை இலையில் வைத்து, நடுவில் குழியாக்கி, மொச்சைக் குழம்பை ஊற்றினாள் சம்பூர்ணம். ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பாஞ்சாலையின் வயிறு உறுமியது கடைசி வரிசைவரை கேட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் கிள்ளினாள், தோய்த்தாள், விழுங்கினாள். ஒரு வாய். இரண்டு வாய். நெற்றியில் வேர்த்து வழிந்தது. உருண்டை முழுவதும் தீர்ந்து இலை காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

"போதுமா எல்லாருக்கும்?" என்று ஊரைக் கேட்டாள்.

ஊர்க்கவுண்டர் போதும் என்று தலையாட்டிவிட்டுப் புறப்பட்டுப் போனார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தங்களுக்கும் பசிக்கிறது என்று முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சம்பூர்ணத்துக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பாஞ்சாலையின் காலில் விழுந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்போது பாஞ்சாலை விரலை நக்கிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கொழம்புல உப்புதான் ஒரு கல்லு கம்மி."

உயிருள்ளவரை இந்தப் பேச்சுக்கு அவளை மன்னிக்கப்போவதில்லை என்று சம்பூர்ணம் அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டாள். செய்துகொண்டு, சம்பந்தியின் இலையில் இன்னோர் உருண்டையை வைத்தாள்.